போல்ட் கம்பெனிக்குள்ளே... பணம் யாருடையது? கார் தொழிலை ஓட்டும் ஸ்டாக் கணக்கு!

பாலக்கரை ரவுண்டானா பக்கம் ஒரு டூவீலர் பட்டறையில் வண்டியை விடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது.

"அண்ணே, கேபிள் இருக்கா?"

"இந்த மாடலுக்கு இல்ல தம்பி. கடைக்கு போன் போட்டிருக்கேன். ஒரு டீ சாப்பிட்டுட்டு வாங்க, அதுக்குள்ள வந்துடும்."

சொன்னபடியே வந்தும் விடும். மெக்கானிக் ஏன் எல்லா கேபிளையும் வாங்கி வைத்துக்கொள்வதில்லை? சாலையில் எத்தனை மாடல் வண்டிகள் ஓடுகின்றன! ஒவ்வொன்றுக்கும் கேபிள், பிரேக் ஷூ, செயின், பேரிங் என்று வாங்கி அடுக்கினால் பட்டறையை அடமானம் வைத்தாலும் போதாது. அதனால் தினமும் போகிற ஆயில், பிளக், பிரேக் ஷூ மட்டும் அவரிடம் இருக்கும். மற்றதற்கு அவர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையை நம்புகிறார். கடை டீலரை நம்புகிறது. டீலர் கம்பெனி குடோனை நம்புகிறார்.

ஆக, இந்த வரிசையில் யாரோ ஒருவர் அந்தக் கேபிளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருக்கும் ஒவ்வொரு பொருளிலும் ஒருவருடைய பணம் முடங்கிக் கிடக்கிறது. அந்த ஒருவர் யார் என்பதுதான் கேள்வி.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் என்று தமிழ்நாட்டில் கார், பைக், லாரி தயாரிக்கும் இடங்களில் எல்லாம் இந்தக் கேள்வி கோடிக்கணக்கான ரூபாயில் கேட்கப்படுகிறது. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த ஒரு பதில்தான் 'வெண்டர் மேனேஜ்டு இன்வென்டரி'. சுருக்கமாக வி.எம்.ஐ. வாங்குபவரின் அலமாரியில் எவ்வளவு சரக்கு இருக்க வேண்டும் என்பதை, விற்பவரே பார்த்துப் பார்த்து நிரப்பும் முறை.

பெரிய கம்பெனி விஷயம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். அரியமங்கலத்திலோ துவாக்குடியிலோ நாலு லேத் மெஷின் போட்டுத் தொழில் செய்யும் குடும்பம் நம் ஊரில் ஏராளம். அவர்கள் வீட்டுக் கல்யாணச் செலவும் காலேஜ் ஃபீஸும் இந்தக் கணக்கோடு சேர்ந்ததுதான்.

டீக்கடை பன் சொல்லும் பாடம்

வி.எம்.ஐ.யைப் புரிந்துகொள்ள டீக்கடைக்குப் போனால் போதும். காலையில் பேக்கரி வண்டி வரும். லைன்மேன் இறங்கி கண்ணாடிப் பெட்டியைப் பார்ப்பார். நேற்றைய பன் ஆறு மீதி. அதை எடுத்துக்கொண்டு புதிதாக முப்பது வைப்பார். நோட்டில் எழுதுவார், போய்விடுவார். கடைக்காரர் ஆர்டர் கொடுப்பதே இல்லை. எந்தக் கடையில், எந்தக் கிழமையில், எத்தனை பன் போகும் என்பது லைன்மேனுக்கு அத்துப்படி.

பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் வாரப் பத்திரிகைகளும் கிட்டத்தட்ட இப்படித்தான். விற்றதற்கு மட்டும் காசு, விற்காதது ரிட்டர்ன்.

இங்கே இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, எப்போது எவ்வளவு நிரப்புவது என்று யார் முடிவு செய்கிறார்? இரண்டு, விற்கும் வரை அந்தப் பொருள் யாருடைய சொத்து? முதல் விஷயம்தான் வி.எம்.ஐ. இரண்டாவதுக்குப் பெயர் கன்சைன்மென்ட். லைன்மேன் முடிவு செய்து பன்னை வைத்துவிட்டு, கையோடு காசு வாங்கிப் போனால் அது வெறும் வி.எம்.ஐ. விற்ற பிறகு காசு வாங்கினால் கன்சைன்மென்ட்டும் சேர்ந்துகொண்டது.

வாகனத் தொழிலில் பல இடங்களில் இந்த இரண்டும் ஜோடியாகவே வருகின்றன. நன்மை, சங்கடம் இரண்டும் ஆரம்பிக்கிற இடம் அதுதான்.

கார் கம்பெனிக்குள் என்ன நடக்கிறது?

ஒவ்வொரு திருகையும் தனியாக எண்ணினால் ஒரு காரில் சுமார் 30,000 பாகங்கள் இருக்கும் என்பார்கள். அத்தனையையும் ஒரே மாதிரி கவனிக்க முடியாது. அதனால் ஏ, பி, சி என்று பிரிக்கிறார்கள். இன்ஜின், கியர்பாக்ஸ் போன்ற விலை உயர்ந்தவை ஏ. போல்ட், நட், வாஷர், கிளிப் போன்ற சில்லறைச் சாமான்கள் சி. எண்ணிக்கையில் மிக அதிகம், மொத்த மதிப்பில் மிகக் குறைவு.

ஆனால், சில்லறை என்று அலட்சியம் காட்ட முடியாது. பத்து ரூபாய் போல்ட் இல்லையென்றாலும் பத்து லட்ச ரூபாய் கார் லைனை விட்டு வெளியே வராது. அதற்காக விலை உயர்ந்த ஓர் அதிகாரியை உட்கார வைத்து நாள் முழுக்க போல்ட் எண்ணச் சொல்லவும் முடியாது. 'போல்ட் செய்கிறவரே பார்த்துக்கொள்ளட்டும்' என்று விட்டுவிடுவது சுலபம். வி.எம்.ஐ. முதலில் நன்றாக வேரூன்றியது இந்த மாதிரி சாமான்களில்தான்.

சீட் போன்றவற்றுக்கு வழி வேறு. கறுப்பு சீட் போட்ட கார், அடுத்து பழுப்பு சீட் போட்ட கார் என்று லைனில் வரும் வரிசைப்படியே, சில மணி நேரத்துக்கு முன் பக்கத்திலிருக்கும் தொழிற்சாலையிலிருந்து லாரி வந்து இறக்கும். சீட்டை வாங்கி அடுக்கி வைக்க இடம் போதாது.

போல்ட் கணக்கை எளிமையாகப் பார்ப்போம். ஒரு காருக்கு ஒரு குறிப்பிட்ட போல்ட் 40 வேண்டும், தினமும் 600 கார் உற்பத்தி என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 24,000 போல்ட். இரண்டு நாள் தேவையான 48,000-க்குக் கீழே இருப்பு போகக் கூடாது. ஐந்து நாள் தேவையான 1,20,000-க்கு மேலே ஏறவும் கூடாது என்று இரண்டு கோடு போட்டுவிடுவார்கள். கீழ்க் கோடு 'மின்', மேல் கோடு 'மேக்ஸ்'. இந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருப்பை வைத்திருப்பது வெண்டரின் பொறுப்பு. தினமும் எத்தனை செலவானது, அடுத்த சில வாரங்களில் எத்தனை கார் திட்டம் என்பதை கம்பெனி அவருக்குக் கம்ப்யூட்டரில் காட்ட வேண்டும்.

தொழிற்சாலைக்குள் இதற்கு 'டூ பின்' என்ற முறையும் உண்டு. ஒரே போல்ட்டுக்கு இரண்டு பெட்டிகள். ஒன்று காலியானதும் அதைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்ததில் கைவைப்பார்கள். அந்தக் காலிப் பெட்டியே ஆர்டர். வெண்டரின் ஆள் சுற்றிவந்து, பெட்டியில் ஒட்டிய பார்கோடை ஸ்கேன் செய்து, நிரப்பிவிட்டுப் போவார். வீட்டில் டபுள் சிலிண்டர் வைத்திருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஒன்று தீர்ந்ததும் இன்னொன்றை மாட்டிவிட்டு, புக் செய்கிறோம். தீர்ந்துபோன சிலிண்டர்தான் நமக்கு அலாரம்.

இதில் தூரமும் ஒரு பிரச்னை. திருச்சியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் சுமார் 300 கிலோமீட்டர். துவாக்குடியில் செய்த சாமானை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அனுப்ப முடியாது. ஆகவே, கார் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு பொதுக் குடோனில் வெண்டர்கள் சரக்கை வைத்திருப்பார்கள். குடோனை நடத்துவது மூன்றாவது ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியாக இருக்கும். கார் கம்பெனி கேட்கக் கேட்க அங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். கன்சைன்மென்ட் ஒப்பந்தம் என்றால், எடுத்த பிறகுதான் பில்.

சூப்பர் மார்க்கெட்டில் பிறந்த யோசனை

இந்த யோசனைக்கு இரண்டு பூர்வீகம் உண்டு. ஒன்று ஜப்பான். டொயோட்டாவின் தைச்சி ஓனோ, அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளைப் பார்த்து அசந்துபோனவர். அங்கே வாடிக்கையாளர் வேண்டியதை எடுத்துக்கொள்கிறார். அலமாரியில் எவ்வளவு இடம் காலியானதோ அவ்வளவு மட்டும் மறுபடி நிரப்பப்படுகிறது. தொழிற்சாலையிலும் அப்படிச் செய்தால் என்ன என்று 1950-களில் ஆரம்பித்ததுதான், அட்டையை வைத்து சாமான் கேட்கும் 'கான்பான்' முறை. மேலிருந்து தள்ளிவிடாமல், தேவைப்படுகிறவர் இழுத்துக்கொள்ளும் முறை.

இன்னொரு பூர்வீகம் குழந்தைகளின் டயப்பர்! அமெரிக்காவில் பாம்பர்ஸ் டயப்பர் தயாரிக்கும் புராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி ஒரு விநோதத்தைக் கவனித்தது. குழந்தைகள் டயப்பர் நனைப்பது எல்லா மாதமும் ஒரே சீராகத்தான் நடக்கிறது. ஆனால், தொழிற்சாலைக்கு வரும் ஆர்டர் மட்டும் ஒரு மாதம் மலையாகவும் ஒரு மாதம் மடுவாகவும் வருகிறது. காரணம், நடுவில் இருப்பவர்கள் பயத்தில் கூடுதலாகக் கேட்பதும், குவிந்ததும் ஆர்டரையே நிறுத்துவதும்தான். சாட்டையின் பிடியைக் கொஞ்சம் அசைத்தால் நுனி பெரிதாகச் சுழல்வது போல இது இருப்பதால், இதற்கு 'சாட்டை விளைவு' என்றே பெயர்.

1987-ல் அந்த கம்பெனியின் விற்பனைத் துணைத் தலைவர் லூ பிரிட்செட்டும், வால்மார்ட் நிறுவனர் சாம் வால்டனும் சேர்ந்து ஒரு படகுப் பயணம் போனார்கள். ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த இரண்டு கம்பெனிகளும் அதன் பிறகு தகவலைப் பகிர்ந்துகொள்ள ஆரம்பித்தன. கடையில் விற்றது எவ்வளவு என்ற கணக்கைப் பார்த்து, டயப்பர் கம்பெனியே நிரப்பியது. வி.எம்.ஐ. என்றதும் உலகம் முழுக்கச் சொல்லப்படும் உதாரணம் இதுதான். அவர்களுக்குள் கைமாறிய முக்கியமான சரக்கு டயப்பர் அல்ல, உண்மையான விற்பனைக் கணக்கு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டோல்கேட்டிலிருந்து டெட்ராய்ட் வரை

திருச்சிக்காரர்கள் தினமும் சொல்லும் ஒரு பெயரிலேயே இந்தத் தொழிலின் சரித்திரம் இருக்கிறது. பாலக்கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் டி.வி.எஸ். டோல்கேட்!

திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911-ல் மதுரையில் ஆரம்பித்த நிறுவனம் அது. பஸ் போக்குவரத்தில் தொடங்கி, வாகன விற்பனை, உதிரிபாகம், பிறகு உற்பத்தி என்று வளர்ந்தது. அந்தக் குழுமத்தின் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் 1966-ல் சென்னை பாடியில் போல்ட், நட் உற்பத்தியைத் தொடங்கியது. 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி அனுப்பி, 1996-ல் அந்த கம்பெனியின் சிறந்த சப்ளையர் விருதையும் வாங்கியது. கடல் கடந்து போகும் சின்ன மூடி ஒரு நாள் தாமதமானாலும் அங்கே லைன் நிற்கும் என்ற பொறுப்பை இங்கே பாடியில் இருந்தவர்கள் சுமந்தார்கள்.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் வந்தது. ஓசூரில் டி.வி.எஸ். மோட்டார், எண்ணூரிலும் ஓசூரிலும் அசோக் லேலண்ட் ஏற்கெனவே இருந்தன. ஒவ்வொரு பெரிய தொழிற்சாலையைச் சுற்றியும் சின்னச் சின்ன உற்பத்தியாளர்கள், அவர்களுக்கும் கீழே லேத், பிளேட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைகள் என்று ஒரு வலை பின்னப்பட்டது. மேலே இருப்பவர் ஒரு மணி நேரத்துக்கான ஸ்டாக்கோடு இருக்க முடிகிறதென்றால், கீழே யாரோ பல நாள் ஸ்டாக்கோடு இருக்கிறார் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

சுமை குறைந்ததா, தோள் மாறியதா?

இனிதான் முக்கியமான கணக்கு. மாதம் 20 லட்ச ரூபாய்க்கு சாமான் கொடுக்கும் ஒரு சின்ன வெண்டரை எடுத்துக்கொள்வோம். கன்சைன்மென்ட் முறையில் வாங்குபவரின் குடோனில் 15 நாள் சரக்கு வைக்கச் சொல்கிறார்கள். அதன் மதிப்பு 10 லட்சம். எடுத்த பிறகு பில். பில் போட்ட பிறகு 45 நாளில் பணம். அதில் நிற்பது 30 லட்சம். ஆக, எந்த நேரமும் 40 லட்ச ரூபாய் வெளியே நிற்கிறது. வங்கியில் 12 சதவிகித வட்டிக்கு வாங்கிய பணம் என்றால், வருஷத்துக்கு 4.8 லட்சம். மாதம் 40,000 ரூபாய் வட்டி!

20 லட்சத்தில் இது 2 சதவிகிதம். அவருக்கு நிற்கும் லாபமே 6 சதவிகிதம் என்றால், மூன்றில் ஒரு பங்கு வட்டிக்குப் போய்விடுகிறது. இதில் ஸ்டாக்குக்கான பங்கு மட்டும் மாதம் 10,000 ரூபாய்.

'அப்படியென்றால் வி.எம்.ஐ. ஒரு ஏமாற்று வேலையா?' என்று கேட்டால், அப்படியும் சொல்ல முடியாது. முன்பு என்ன நடந்தது? எப்போது எவ்வளவு ஆர்டர் வரும் என்று தெரியாமல், வெண்டர் தன் பட்டறையிலேயே ஒரு மாத சரக்கைச் செய்து அடுக்கியிருப்பார். கம்பெனியும் பயத்தில் பத்து நாள் ஸ்டாக் வைத்திருக்கும். இரண்டு இடத்திலும் இரட்டைக் குவியல். இப்போது உற்பத்தித் திட்டம் இவர் கண்ணுக்குத் தெரிந்தால், எதை எப்போது செய்வது என்று இவரே தீர்மானிக்கலாம். ராத்திரி பத்து மணிக்கு 'அவசரம், உடனே அனுப்பு' என்று போன் வராது. ஒரு பெட்டிக்காகத் தனி வண்டி பிடிக்க வேண்டாம். மெஷினில் அடிக்கடி டை மாற்றாமல் ஒரே ஓட்டமாக ஓட்டலாம். இரண்டு பேரிடமும் இருந்த மொத்த ஸ்டாக் குறைந்தால், அது நிஜமான லாபம்.

மொத்த ஸ்டாக் குறையாமல், அங்கே இருந்தது இங்கே வந்திருந்தால்? சுமை தோள் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதிலும் ஒரு வேடிக்கை, குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கும் பெரிய கம்பெனியின் தோளிலிருந்து, அதிக வட்டிக்கு வாங்கும் சின்னவரின் தோளுக்கு! அந்த வட்டி கடைசியில் சாமான் விலையில்தான் ஏறும். ஏற்ற முடியவில்லை என்றால், பட்டறை வீட்டுச் சாப்பாட்டில் குறையும்.

ஒப்பிட்டுப் பார்க்க, கார் ஷோரூம் பக்கம் போகலாம். அங்கே நிலைமை தலைகீழ். தயாரிப்பாளர் செய்து தள்ளுவார், டீலர் கடன் வாங்கி நிறுத்தி வைப்பார். 2024 செப்டம்பர் இறுதியில் நாடு முழுக்க டீலர்களிடம் 80 முதல் 85 நாள் விற்பனைக்கான கார்கள், சுமார் 79,000 கோடி ரூபாய் மதிப்பில், தேங்கி நிற்பதாக டீலர் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபாடா அறிவித்தது. 21 நாள் இருப்பு போதும் என்பது அவர்கள் கோரிக்கை. மேலே வெண்டர், கீழே டீலர். ஸ்டாக் சுமை எப்போதும் நடுவில் இருக்கும் பலசாலியை விட்டுவிட்டு இரண்டு பக்கமும்தான் வழிகிறது.

விதி மாறும் நாளில் என்ன ஆகும்?

சாதாரண நாளில் ஸ்டாக் யாருடையது என்பது வெறும் வட்டிக் கணக்கு. விதி மாறும் நாளில் அது முதலுக்கே மோசம்.

2017 மார்ச் 29 நினைவிருக்கிறதா? பி.எஸ்.3 வாகனங்களை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்போது நாடு முழுக்க விற்காமல் நின்றவை 8 லட்சத்துக்கும் மேல். அதில் பெரும்பகுதி டூவீலர்கள். அடுத்த இரண்டு நாள் ஷோரூம்களில் நடந்த தள்ளுபடித் திருவிழாவை யாரும் மறந்திருக்க முடியாது. வாங்கியவர்களுக்குக் கொண்டாட்டம். அந்தப் பழைய மாடலுக்காக மட்டும் செய்து அடுக்கப்பட்ட உதிரிபாகங்களுக்கு அப்படித் தள்ளுபடி போட்டு விற்கவும் வழியில்லை.

2021 செப்டம்பர் 9-ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப் போவதாக ஃபோர்டு அறிவித்தது. மறைமலைநகர் ஆலையின் தொழிலாளர்கள் தவித்ததை செய்திகளில் பார்த்தோம். ஒரு கார் மாடலுக்கென்று செய்த பாகம் வேறு எந்த மாடலுக்கும் பொருந்தாது என்பதால், இப்படி ஒரு ஆலை மூடும்போது அதற்கு சாமான் கொடுத்தவர்களும் சேர்ந்தே பதறுகிறார்கள். குடோனில் இருக்கும் சரக்கு இன்னும் வெண்டருடையது என்று ஒப்பந்தம் சொன்னால், நஷ்டமும் அவருடையதுதான்.

டொயோட்டா கற்றுக்கொண்ட பாடம்

ஸ்டாக் குறைவாக இருப்பதே புத்திசாலித்தனம் என்று உலகுக்குச் சொன்ன டொயோட்டாவுக்கே இரண்டு அடி விழுந்தது.

1997 பிப்ரவரி 1 அதிகாலை. ஜப்பானின் கரியா நகரில் ஐசின் கம்பெனியின் தொழிற்சாலையில் தீ. அங்கே தயாரானது பிரேக்குக்கான ஒரு சின்ன வால்வு. டொயோட்டாவுக்கு அதை ஏறக்குறைய முழுக்க முழுக்க ஐசின்தான் கொடுத்துவந்தது. கையிருப்போ மிகச் சொற்பம். ஜப்பானில் டொயோட்டாவின் பெரும்பாலான லைன்கள் நின்றன. ஆச்சர்யம் அதற்குப் பிறகுதான். மற்ற சப்ளையர்கள் ஓடிவந்து அந்த வால்வைச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். தையல் மெஷின் செய்யும் பிரதர் கம்பெனியும் அதில் ஒன்று. ஒரு வாரத்துக்குள் கார்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. பல வருஷங்களாக சப்ளையர்களோடு வளர்த்த உறவு கைகொடுத்தது.

2011 நிலநடுக்கத்தில் சிப் தொழிற்சாலை பாதித்தபோது இரண்டாவது அடி. அதன் பிறகு டொயோட்டா, சிப் கொடுப்பவர்களிடம் இரண்டு முதல் ஆறு மாத ஸ்டாக் வைத்திருக்கச் சொன்னது. இதைத்தான் கவனிக்க வேண்டும்: வைத்திருப்பதற்கான செலவையும் யோசித்தது. வருஷா வருஷம் சப்ளையரிடம் கேட்கும் விலைக்குறைப்பில் ஒரு பகுதியை, ஸ்டாக் வைப்பதற்காகத் திருப்பிக் கொடுத்தது. 2021-ல் உலகமே சிப் இல்லாமல் தடுமாறியபோது, ஆரம்ப மாதங்களில் டொயோட்டா தாக்குப்பிடித்தது. பிறகு அதுவும் உற்பத்தியைக் குறைக்க வேண்டியிருந்தது என்றாலும், மற்றவர்களைவிட மூச்சு விட நேரம் கிடைத்தது.

ஸ்டாக் ஒரு காப்பு. காப்பு வேண்டும் என்பவர் அதற்கான பிரீமியத்தையும் கொடுக்க வேண்டும். வி.எம்.ஐ. நியாயமாக நடப்பது அப்போதுதான்.

கையெழுத்துப் போடும் முன்...

ஒரே பெரிய வாங்குபவரை நம்பி வாழ்வது திருச்சிக்குப் புதிதல்ல. 1965 முதல் திருவெறும்பூர் பெல் ஆலையை நம்பி துவாக்குடி வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் வளர்ந்தன. பெல் ஆர்டர் குறைந்த வருஷங்களில் அவை எப்படிக் காற்றாடின என்பதை ஊரே பார்த்தது. அந்தப் பட்டறைகளில் சிலவோ, அடுத்த தலைமுறையோ வாகனத் தொழில் பக்கம் போகும்போது, வி.எம்.ஐ. ஒப்பந்தம் கையில் வந்தால் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

1. மின், மேக்ஸ் கோடுகளை யார் போடுவது? தேவை குறைந்தால் கோடும் இறங்குமா? குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும்.

2. உற்பத்தித் திட்டம் எத்தனை வாரத்துக்கு முன்னால் தெரியும்? அதில் எத்தனை வாரம் மாற்றாமல் இருப்பார்கள்? திட்டத்தைக் காட்டாமல் 'எப்போதும் ஸ்டாக் வை' என்று மட்டும் சொன்னால், அது வி.எம்.ஐ.யே அல்ல.

3. சரக்கு எந்த நிமிடத்தில் கைமாறுகிறது? குடோனை விட்டு எடுக்கும்போதா, லைனுக்குப் போகும்போதா, காரில் மாட்டிய பிறகா?

4. எடுக்காமலே கிடந்தால்? 'இத்தனை நாளுக்கு மேல் கிடந்தால் வாங்கியே ஆக வேண்டும்' என்று ஒரு வரி இருக்க வேண்டும்.

5. டிசைன் மாறினால், மாடல் நின்றால், முடிந்த சரக்குக்கும் பாதி முடிந்த சரக்குக்கும் அதற்கென்று வாங்கிய கம்பிக்கும் யார் பொறுப்பு?

6. நனைந்தால், தொலைந்தால், எண்ணிக்கை குறைந்தால்? 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் கார் ஆலைகளே நின்றன. குடோன் யாருடையதாக இருந்தாலும், உள்ளே இருப்பது உங்கள் சரக்கு என்றால் இன்ஷூரன்ஸ் யார் பெயரில் என்று பாருங்கள். குடோன் வாடகையையும் கேளுங்கள்.

7. பணம் வரும் நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவார்கள்?

கடைசிக் கேள்விக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு மற்றும் சிறு தொழில்களுக்குப் பணம் தர, ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. 2023-24 நிதியாண்டு முதல் வருமான வரிச் சட்டமும் கைகொடுக்கிறது. கெடுவுக்குள் பணம் தராத கம்பெனி, அந்தத் தொகையைப் பணம் கொடுக்கும் வருஷத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். இதற்கெல்லாம் முதலில் உத்யம் பதிவு இருக்க வேண்டும். ஆனால் 45 நாள் என்பது சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஓடும் கணக்கு. கன்சைன்மென்ட்டில் 'ஏற்றுக்கொண்ட நாள்' எது என்பதில்தான் தகராறு வரும். அதனால்தான் மூன்றாவது கேள்விக்கான பதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

'இவ்வளவு கேட்டால் ஆர்டரே போய்விடுமே' என்ற பயம் நியாயமானது. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஜெயிக்க முடியாது. ஆனால், 'ஸ்டாக் வைக்கிறேன், மாதம் இவ்வளவு வட்டி ஆகிறது, விலையில் இத்தனை பைசா சேருங்கள்' என்று கணக்கோடு பேசுபவருக்கும், தலையாட்டிவிட்டு வந்து வீட்டில் நகையை எடுப்பவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. தனியாகக் கேட்கத் தயக்கம் என்றால், திருச்சி சிறுதொழில் அதிபர்கள் சங்கமான டிடிட்சியா போன்ற அமைப்புகள் இருக்கின்றன. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்தால், நிலுவைத் தொகைக்கு முறையிடும் வழியையும் சொல்வார்கள்.

உங்கள் வீட்டில் யாராவது பட்டறை நடத்தினால், இந்த வாரம் ஒரு வேலை செய்து பாருங்கள். ஒரு தாளை எடுத்து, கம்பெனி குடோனில் கிடக்கும் உங்கள் சரக்கின் மதிப்பையும், வர வேண்டிய பாக்கியையும் கூட்டுங்கள். அதற்கு ஒரு மாத வட்டி எவ்வளவு என்று பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த விலைப் பேச்சுக்குப் போகும்போது சட்டைப்பையில் இருக்க வேண்டியது அந்தத் தாள்தான்.